உழைத்த உடம்புதான், ஆனாலும் ஒடிகிறது

இராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரை ஊர்களில் ஒரு நம்பிக்கை பலமாக இருக்கிறது. பாசி எடுத்தவர், குடம் சுமந்தவர், கரைவலை இழுத்தவர் என்றால் எலும்பு உறுதியாகத்தான் இருக்கும். எலும்புத் தேய்மானமும் கால்சியம் மாத்திரையும் பட்டணத்தில் நாற்காலியிலேயே காலம் கழித்தவர்களின் சமாச்சாரம். "உழைச்ச உடம்பு, ஒண்ணும் ஆகாது" என்ற ஒரு வார்த்தையில் பேச்சு முடிந்துவிடும். இதில் பாதி உண்மை. மற்றப் பாதி, தொண்டியிலிருந்து சாயல்குடி வரை எத்தனையோ வீடுகளில் கட்டிலில் படுத்துக் கிடக்கிறது.

முதலில் உண்மையான பாதியைப் பார்ப்போம். எலும்பு உயிருள்ள பொருள். பழைய பகுதியை அரித்தெடுக்கும் செல்களும் அந்த இடத்தில் புதிதாகக் கட்டும் செல்களும் அதற்குள் ஓயாமல் வேலை செய்கின்றன. பாரம் விழுகிற எலும்பு கெட்டியாகும், பாரமே இல்லாத எலும்பு மெலியும். விண்வெளியில் மாதக்கணக்கில் மிதந்துவிட்டு வரும் வீரர்களுக்கு இடுப்புப் பகுதி எலும்பின் அடர்த்தி மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் குறைந்துபோகிறது. அங்கே அவர்களுக்கு எடை கிடையாது. ஆகவே நடந்தவர்கள், சுமந்தவர்கள், மேடு ஏறியவர்கள் இளமையில் நல்ல எலும்பைச் சேர்த்துவைத்திருப்பார்கள் என்பது சரி.

ஆனால் எந்த வேலை என்பதையும் பார்க்க வேண்டும். பாம்பனுக்குப் பக்கத்தில் சின்னப்பாலத்துப் பெண்கள் பாசிக்குப் போவதைப் பார்த்திருப்பீர்கள். விரல்களில் துணியைச் சுற்றி, காலில் தகட்டைக் கட்டி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்கினால் மணிக்கணக்கில் தண்ணீருக்குள்தான். மூச்சடக்கி மூழ்கி, பாறையில் ஒட்டிய பாசியைப் பறித்து, மேலே வந்து, மறுபடி மூழ்கி என்று தசைக்கும் நுரையீரலுக்கும் இதைவிடக் கடினமான வேலை குறைவு. எலும்புக்கோ அந்த நேரம் கணக்கில் சேராது. உடம்பின் எடையைத் தண்ணீர் தாங்கிக்கொள்கிறது. நீச்சல் வீரர்களின் எலும்பு அடர்த்தி, ஓடுகிறவர்கள், குதிக்கிறவர்கள் அளவுக்கு ஏறுவதில்லை என்பது விளையாட்டு மருத்துவத்தில் நெடுநாளாகத் தெரிந்த விஷயம். பாசி எடுத்தால் எலும்பு கெட்டுவிடும் என்று இதற்கு அர்த்தமில்லை. கடலில் கழித்த வருடங்களை எலும்பின் வரவில் எழுத முடியாது, அவ்வளவுதான்.

சேமிப்பும் ஒரு வயதோடு நின்றுவிடுகிறது. முப்பது வயது வாக்கில் எலும்பு உச்சத்தைத் தொடும், அப்புறம் செலவுதான். பெண்களுக்கு மாதவிடாய் நின்றவுடன் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவதால் முதல் ஐந்தாறு வருடங்களில் இந்தச் செலவு மிக வேகமாக நடக்கும். நாற்பது வயதுக்குள்ளேயே கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்துவிட்டவர்களுக்கு அந்த வேகம் பத்து வருடம் முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. எத்தனை வீடுகளில் இதைக் கணக்கில் எடுக்கிறார்கள்? "கர்ப்பப்பை எடுத்தாச்சு, இனி தொல்லை இல்லை" என்பதோடு முடிந்துவிடுகிறது. நடுவில் நான்கைந்து பிரசவம், பால் கொடுத்த வருடங்கள், எல்லோருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைத் தின்ற வருடங்கள் எல்லாம் சேர்ந்தால், வெளியே திடமாகத் தெரியும் உடம்புக்குள் கறையான் தின்ற உத்தரம் போல எலும்பு நிற்கும். உத்தரத்தைப் போலவே இதுவும் முறிகிறவரை வலிக்காது. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேன் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அதில் வரும் டி-ஸ்கோர் (இளவயது அடர்த்தியோடு ஒப்பிட்ட மதிப்பெண்) மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் அதை எலும்புப்புரை என்கிறார்கள்.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. வருடம் முழுக்க வெயில் காய்கிற ஊரில் வைட்டமின் டி குறைபாடு வருமா என்று கேட்பார்கள். வரும். மாநிறமும் கறுப்புமான தோல் அதே அளவு வைட்டமினைத் தயாரிக்க அதிக நேரம் வெயில் கேட்கும். உடம்பு முழுக்க மூடிய உடையில் வெயிலுக்குப் போனால் பயன் குறைவு. முதுமையில் தோலின் திறனே குறைந்துவிடும். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வீட்டுக்குள்ளேயே நடமாடும் உம்மாமார்களுக்கும், முட்டிவலியால் திண்ணையை விட்டு இறங்காத அப்பத்தாக்களுக்கும் இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. முற்றமோ மொட்டை மாடியோ இருக்கிற வீடு என்றால் காலை பத்து மணிக்கு மேல் கை காலில் வெயில் படக் கொஞ்ச நேரம் உட்காரலாம். சத்து ரொம்பக் குறைந்தவர்களுக்கு வெயில் மட்டும் போதாது. மருத்துவர் எழுதித் தரும் டி3 மருந்துதான் வழி. 60,000 யூனிட் பொட்டலத்தை வாரம் ஒன்று என்று சில வாரம் சாப்பிடச் சொல்வார்கள். நன்றாக இருக்கிறதே என்று பக்கத்து வீட்டுக்காரருக்கும் வாங்கிக்கொடுத்து மாதக்கணக்கில் தொடரக் கூடாது, அளவு மீறினால் இரத்தத்தில் கால்சியம் ஏறிவிடும்.

சாப்பாட்டில் இந்தக் கரைக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. நெத்திலியையும் சாளையையும் முள்ளோடு மென்று தின்கிறவர்களுக்கு அந்த முள்ளிலிருந்தே கால்சியம் கிடைக்கிறது. கேழ்வரகில் நூறு கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. பாலில் அதே அளவுக்கு 120தான். முருங்கைக்கீரையும் எள்ளும் வீட்டுக்குப் பக்கத்திலேயே கிடைப்பவை. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். வெறும் சோறும் ரசமுமாக ஓட்டினால் அதில் கால்வாசி கூடத் தேறாது. பல் போனதும் முதியவர்கள் ஒதுங்கிக்கொள்வது அந்தச் சோற்றுக்கும் ரசத்துக்கும்தான். கருவாட்டைப் பற்றிக் கேட்டால் பதில் இரண்டு பக்கமும் போகும்: முள்ளில் கால்சியம் உண்டு, ஆனால் அதிலுள்ள உப்பு சிறுநீர் வழியாகக் கால்சியத்தை வெளியே இழுத்துக்கொண்டு போகும். கருவாட்டை விடச் சொல்ல எனக்கு மனம் வராது. ஊறவைத்து உப்பைக் கழுவிப் போடச் சொல்லலாம்.

இதற்கு மேல் ஆபத்தைக் கூட்டுபவை: முன்பே ஒருமுறை எலும்பு முறிந்திருப்பது, அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இடுப்பு முறிந்த வரலாறு, மெலிந்த உடம்பு, பீடி, சாராயம், முடக்குவாதம், தைராய்டு அதிகம் சுரப்பது, சிறுநீரகக் கோளாறு. சர்க்கரை நோய் தனி ரகம். ஸ்கேனில் அடர்த்தி நன்றாகத் தெரியும், எலும்பின் தரமோ கெட்டிருக்கும். ஸ்டீராய்டு மாத்திரையை மூன்று மாதத்துக்கு மேல் சாப்பிட்டாலே எலும்பு கரையத் தொடங்கும். இழைப்புக்கு மருத்துவர் கொடுப்பதைக் கண்காணிக்கவாவது ஆள் உண்டு. மூட்டுவலிக்கென்று பேர் ஊர் இல்லாத பொட்டலத்தில் வரும் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பல முறை பரிசோதனையில் பிடிபட்டிருக்கிறது. மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது என்றால் சந்தோஷப்படுவதற்கு முன் சந்தேகப்பட வேண்டும்.

சரி, மெலிந்த எலும்பு எங்கே முறிகிறது? பெரும்பாலும் மூன்று இடங்களில். ஐம்பது, ஐம்பத்தைந்து வயதில் கால் வழுக்கும்போது கையை ஊன்றுவார்கள், மணிக்கட்டு முறியும். அறுபதுகளில் முதுகெலும்பு. இது பல நேரம் விழாமலேயே நடக்கும். அரசுப் பேருந்தின் கடைசி இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகத்தடை ஒன்று வருகிறது, ஒரு தூக்கு தூக்கிப் போடுகிறது, 'மடக்' என்று முதுகில் ஒரு வலி. வாயுப்பிடிப்பு என்று தைலம் தேய்ப்பார்கள். நான்கு வாரத்தில் வலி குறையும், முதுகெலும்புக் கட்டை ஒன்று நசுங்கியது யாருக்கும் தெரியாமலே போய்விடும். இப்படி இரண்டு மூன்று நசுங்கியதும் ஆள் குட்டையாகிக் கூன் விழும். அந்தக் கூனை வயதின் கணக்கில் எழுதிவிடுகிறோம். பைக்கில் பின்னால் ஒருபக்கமாக உட்கார்த்தி அம்மாவை டவுனுக்குக் கூட்டிப் போகும் பிள்ளைகள் இதைக் கொஞ்சம் நினைவில் வைக்கலாம்.

மூன்றாவது இடுப்பு. எழுபதைத் தாண்டியவர்கள் கையை ஊன்றுவதற்குள் பக்கவாட்டில் விழுந்துவிடுவார்கள். தொடையெலும்பின் கழுத்து (இடுப்பு மூட்டில் பொருந்தும் உருண்டைத் தலைக்குக் கீழே உள்ள ஒடுங்கிய பகுதி), அல்லது அதற்குச் சற்றுக் கீழே, ஒடியும். மணிக்கட்டில் தொடங்கிய கதை இங்கேதான் வந்து சேர்கிறது. சாதாரணமாக விழுந்து ஒருமுறை எலும்பு முறிந்தவருக்கு அடுத்த முறிவு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆனால் மாவுக்கட்டைப் பிரித்து எடுத்ததும் 'ஏன் முறிந்தது' என்ற கேள்வியையும் சேர்த்து எடுத்துப் போட்டுவிடுகிறோம்.

விழுவதற்கான காரணங்கள் பெரும்பாலும் வீட்டுக்குள்தான். வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் பழைய வீட்டை இடித்துக் கட்டுகிறார்கள், பளபளவென்று டைல்ஸ் போடுகிறார்கள், அம்மா நன்றாக இருக்கட்டும் என்று நினைத்துத்தான். மணலிலும் சிமெண்டுத் தரையிலும் நடந்து பழகிய கால் அதில் ஒரு சொட்டுத் தண்ணீருக்கு வழுக்கும். கழிப்பறை பல வீடுகளில் கொல்லைப்புறத்தில் தனியாக நிற்கிறது. போகிற வழியில் விளக்கு இல்லை, வாசலில் ஒரு படி உயரம், உள்ளே குந்தி எழப் பிடிமானம் இல்லை. இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து போகிற சர்க்கரை நோயாளிக்கு அந்தப் பதினைந்து அடி தூரம் கடலைவிட ஆபத்தானது. சுவரில் ஒரு கம்பி, வழியில் ஒரு எல்இடி பல்பு, சொரசொரப்பான தரை ஆகிய மூன்றுக்கும் சேர்த்து ஆகும் செலவு, முன்வாசலில் பதித்த கிரானைட்டுக்கு ஆனதில் ஒரு துளி.

அப்புறம் மாத்திரை. இரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர் படுக்கையிலிருந்து விருட்டென்று எழுந்தால் அழுத்தம் சடாரென்று இறங்கித் தலை சுற்றும். தூக்க மாத்திரையின் மப்பு விடியும் வரை இருக்கும். சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்தால் நடுராத்திரியில் சர்க்கரை இறங்கிக் கண் இருளும். கண்புரையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போவதும் இதே வரிசையில் வரும். பாதம் மரத்துப்போனவருக்குத் தரை எங்கே இருக்கிறது என்பதே தெரியாது.

வெளியே என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இராமேசுவரம் கோயில். அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போட்டு, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரப் புடவையும் ஈர வேட்டியும் காலைத் தடுக்க, வெறுங்காலோடு நனைந்த கல்தளத்தில் கூட்டத்துக்கு நடுவே நடப்பவர்களில் பெரும்பங்கு முதியவர்கள். புண்ணியத்தைக் குறைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. கையைப் பிடித்துக்கொள்ள ஆள் இருக்க வேண்டும், அமாவாசைக் கூட்டத்தைத் தவிர்க்க வேண்டும், புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருக வேண்டும். தேவிபட்டினத்தில் கடலுக்குள் இருக்கும் நவபாஷாணத்தைச் சுற்றுகிறவர்களுக்கும் இதுவே.

மூட்டுகளின் கதை எலும்பைப் போலச் சத்தமில்லாமல் நடப்பது கிடையாது, வலித்துக்கொண்டேதான் தேயும். நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் உடம்பின் எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு தாங்குகிறது. குந்தி உட்கார்ந்தால் இன்னும் கூடும். இந்த மாவட்டத்தில் தண்ணீருக்குப் பட்ட பாடு தெரிந்ததுதான். ஊற்றில் குந்தி அகப்பையால் மொண்டு, குடத்தை இடுப்பில் ஏற்றி, இல்லையென்றால் தள்ளுவண்டியில் வரிசையாக அடுக்கி மைல் கணக்கில் தள்ளிய தலைமுறைதான் இப்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஒரே பக்க இடுப்பில் வருடக்கணக்கில் சுமந்ததில் முதுகும் ஒருபக்கம் வாங்கிப்போயிருக்கும். தேய்ந்த முழங்கால் திடீரென்று மடங்கிக்கொடுக்கும், ஆள் விழுவார், மெலிந்த எலும்பு ஒடியும். மூட்டும் எலும்பும் இப்படித்தான் கூட்டுச் சேர்கின்றன. வலிக்கிறது என்று நடையையே நிறுத்தினால் தொடைத் தசை கரைந்து மடங்குவது இன்னும் அதிகமாகும். நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நேராக நீட்டிச் சில நொடி நிறுத்தி இறக்கும் பயிற்சி எந்தத் தைலத்தையும்விட மேல்.

ஆண்களில் ஒரு பிரிவைத் தனியாகச் சொல்ல வேண்டும். மன்னார் வளைகுடாவில் சங்கு குளிப்பவர்களில், மேலிருந்து குழாய் வழியே வரும் அழுத்தக் காற்றைச் சுவாசித்து நெடுநேரம் ஆழத்தில் இருந்தவர்களுக்கு வேறு ஒரு ஆபத்து உண்டு. வேகமாக மேலே ஏறினால் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகும். அது எலும்புக்குப் போகும் இரத்தத்தைத் தடுத்தால் அந்தப் பகுதி எலும்பே செத்துப்போகும். தொடையெலும்பின் தலையும் தோளெலும்பின் தலையும் இப்படிப் பாதிக்கப்படும் இடங்கள். தொழிலை விட்டுப் பல வருடம் கழித்துக்கூட இடுப்பு மூட்டு வலியாக அது வெளிவரும். மருத்துவரிடம் போகும்போது பழைய தொழிலைச் சொல்லாவிட்டால் வாதம் என்றே சிகிச்சை ஓடும்.

இப்போது விழுந்த நாளுக்கு வருவோம். வாசலில் நான்கு பேர் கூடியிருப்பார்கள். அம்மா எழ முடியாமல் கிடக்கிறார். ஒரு கால் குட்டையாகத் தெரிகிறது, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறது. இந்த இரண்டு அடையாளமும் சேர்ந்தால் இடுப்பு முறிவு என்றே எடுத்துக்கொள்ளலாம். மூத்த மகன் சவூதியின் தம்மாமிலிருந்து வீடியோ காலில் இருப்பார். "எழுபத்தஞ்சு வயசாச்சு தம்பி, மயக்க மருந்து தாங்குவாகளா?" என்பார் மாமா. "டிக்கெட் பார்க்கிறேன் மாமா, நான் வர்ற வரைக்கும் நாட்டுக் கட்டு போட்டு வைங்க" என்பார் மகன். அன்பில் யாருக்கும் குறைவில்லை. ஆனால் அம்மா இனி நடப்பாரா மாட்டாரா என்பது அந்த உரையாடலில்தான் முடிவாகிறது.

உளுந்து மாவும் முட்டையும் பூசி மூங்கில் சிம்பு வைத்துக் கட்டும் வைத்தியர்களில் கைப்பக்குவம் உள்ளவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. விலகாத சின்ன முறிவு அசையாமல் இருந்தாலே கூடிவிடும். (இறுக்கிக் கட்டிய கையில் விரல் வீங்கி, மரத்து, சில்லிட்டுப்போனால் அந்த நிமிடமே அவிழ்க்க வேண்டும், தாமதித்தால் கையே போகும்.) இடுப்பில் கட்டுப் போடவே இடமில்லை. தொடையெலும்பின் தலைக்கு இரத்தம் கழுத்து வழியாக ஏறிப்போகிறது. கழுத்து முறிந்து விலகினால் அந்தக் குழாய்களும் அறுபடும். பத்துப் போட்டாலும் எண்ணெய் போட்டு நீவினாலும் தலை கூடாது. அதனால்தான் முதியவர்களுக்கு அந்தத் தலையை எடுத்துவிட்டு உலோகத் தலை வைக்கிறார்கள். கழுத்துக்குக் கீழே முறிந்தால் இரத்தம் நன்றாக இருக்கும், படுத்தே கிடந்தால் பத்துப் பன்னிரண்டு வாரத்தில் கோணலாகவாவது கூடும். சிக்கல் அந்தப் பன்னிரண்டு வாரத்தில்தான். நெஞ்சில் சளி கட்டும், முதுகுத்தண்டின் அடியில் படுக்கைப்புண் வரும், சிறுநீரில் கிருமி சேரும், காலில் உறைந்த இரத்தம் நுரையீரலுக்கு ஏறும். இடுப்பு முறிந்த முதியவர்களில் 20 முதல் 30 சதவீதம் பேர் ஒரு வருடத்துக்குள் இறந்துவிடுகிறார்கள். பிழைத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பழைய நடைக்குத் திரும்புவதில்லை. ஆண்களுக்கு இடுப்பு முறிவு குறைவு, முறிந்தால் இறப்பு அதிகம்.

ஆகவே 'வயசாச்சு, ஆபரேஷன் வேண்டாம்' என்ற வாதம் தலைகீழானது. வயதாகிவிட்டதால்தான் படுக்கையில் போட முடியாது. முடிந்தால் 48 மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை, மறுநாளே உட்காரவைப்பது, வாக்கர் பிடித்து நிற்கவைப்பது என்பதுதான் இன்று உலகம் முழுக்க உள்ள நடைமுறை. மயக்க மருந்து என்று பயப்படுகிறார்கள். பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்கச் செய்துதான் செய்கிறார்கள். இதயமும் சிறுநீரகமும் மிக மோசமான நிலையில் இருக்கும் சிலருக்கு மருத்துவரே வேண்டாம் என்பார். அந்த முடிவை அவர் எடுக்கட்டும்.

விழுந்தவுடன் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். எழுப்பி நடக்கவைத்துப் பார்க்கக் கூடாது, காலை இழுக்கக் கூடாது. இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை வைத்து, சேர்த்து லேசாகக் கட்டி, 108-ஐ அழைக்க வேண்டும். நடக்க முடிகிறது, ஆனால் தொடை இடுக்கில் வலி விடவில்லை என்றாலும் எக்ஸ்ரே வேண்டும். முதல் எக்ஸ்ரேயில் தெரியாத முறிவும் உண்டு.

இராமேசுவரத்திலிருந்து இராமநாதபுரத்துக்குச் சுமார் 55 கிலோமீட்டர். அங்கிருந்து மதுரைக்கு இன்னும் 110-க்கு மேல். இராமநாதபுரத்தில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்ட பிறகு, எல்லாவற்றுக்கும் மதுரைக்கு ஓட வேண்டும் என்ற எண்ணத்தை மாற்றிக்கொள்ளலாம். ஒரு விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள்: 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தின் முதல் 48 மணி நேர இலவச சிகிச்சை சாலை விபத்துக்கு மட்டும்தான். கழிப்பறையில் விழுந்தவருக்கு அது பொருந்தாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டைதான் கேட்பார்கள், அதற்குக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அட்டையை விழுந்த பிறகு தேடக் கூடாது.

வீட்டுக்குத் திரும்பியதும், 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருவார். ஊர் சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவைக்க வேண்டும். பிள்ளைகள் எல்லாம் வெளியூரில் இருக்கும் வீடுகளுக்கு இது பெரிய உதவி.

டிஸ்சார்ஜ் சீட்டில் பல நேரம் விடுபட்டுப்போவது எலும்புப்புரைக்கான மருந்து. கம்பி வைத்த இடம் சரியாகிவிட்டது, மற்ற எலும்புகள் பழையபடியே இருக்கின்றன. வாரம் ஒருமுறை சாப்பிடும் அலெண்ட்ரோனேட் மாத்திரையோ, வருடம் ஒருமுறை நரம்பில் ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலமோ தேவையா என்று நாமாகக் கேட்க வேண்டும். சிறுநீரகத்தையும் கால்சியம், வைட்டமின் டி அளவையும் பார்த்துவிட்டு மருத்துவர் முடிவு செய்வார். மாத்திரை என்றால் காலையில் வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்காமல், டீகூடக் குடிக்காமல் இருக்க வேண்டும். படுத்தால் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். பல் பிடுங்கப் போகும்போது இந்த மருந்து எடுப்பதைப் பல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.